மேலப்பாறை இருந்த திசை

தர்மபுரிப் பக்கத்தில் ஒரு கப்பல் விபத்து விசாரணையை நடத்தி முடித்தவன் நான் என்று சொன்னால், கேட்பவர்கள் மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிட்டு என் வயதைக் கேட்கிறார்கள். கடலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

அப்போது அது சேலம் ஜில்லா. மேட்டூரில் அணையைக் கட்டித் தண்ணீரைத் தேக்கியதும், ஏரியூருக்கு மேற்கே காடும் ஊருமாக இருந்த பள்ளம் முழுவதும் ஏரியாகிவிட்டது. கோடையில் இடுப்பளவு ஆற்றில் இறங்கி அக்கரைச் சந்தைக்குப் போய்வந்த ஜனங்களுக்கு நடுவே ஒரு மைலுக்குக் குறையாமல் தண்ணீர் நின்றது. பரிசல்கள் போதவில்லை. மனுக்கள் போயின. எல்லா மனுக்களுக்கும் உரிய காலம் ஊறிய பிறகு, இலாகா ஒரு மிஷின் படகை அனுப்பியது. ஏதோ துறைமுகத்தில் உழைத்து ஓய்ந்த படகு. அதன் பின்னால் மூட்டைகளுக்கும் ஆடுமாடுகளுக்குமாக ஒரு தட்டைப் படகைக் கட்டி இழுக்க வேண்டும். இலாகாக் காகிதங்களில் அதன் பெயர் லாஞ்ச். ஜனங்களின் வாயில் கப்பல்.

நான் அந்தத் துறையின் குமாஸ்தா. இந்தக் காலத்தில் இலாகாவையே துறை என்று சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் துறை என்றால் படகு வந்து அணையும் இடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், படகுத்துறையில் எப்போதாவது ஏதாவது வந்து சேரும்.

லாஞ்ச் வருவதற்கு முன்பே எனக்கு ஓர் உத்தரவு வந்தது. தண்ணீருக்குள் போன ஊரின் ஜனங்களைக் கூப்பிட்டு, கிணறு, பாறை, சுவர், மரம் எது எது எங்கே இருந்தது என்று வாக்குமூலம் வாங்கி, இங்கிலீஷில் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும். அதை வைத்துத் தலைமை ஆபீசில் அதிகாரி ஒரு படம் வரைவார். தண்ணீருக்கு அடியில் எங்கே என்ன ஆபத்து இருக்கிறது, படகு எந்த வழியாக வரவேண்டும் என்று காட்டும் படம். அதற்கு சார்ட் என்று பெயர். நல்ல யோசனை. இலாகாவின் யோசனைகள் எல்லாம் நல்லவையே. அவை கெட்டுப்போவது என்னைப் போன்றவர்கள் கைக்கு வந்த பிறகுதான்.

முப்பத்தொரு வாக்குமூலங்கள் வாங்கினேன். அவற்றில் ஒன்று, மேட்டில் புதிதாகக் குடியேறியிருந்த ஒரு விவசாயப் பெண்மணியுடையது. நாற்பது வயதிருக்கும். வாரம் தவறாமல் அக்கரைச் சந்தைக்குப் போகிறவர். யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் சொன்னது இது: "கோயில் கம்பத்துக்கு மேல, நாலு வடம் தூரத்துல மேலப்பாறை இருக்குதுங்க சாமி. பெரிய பாறை. அதும்மேல நாங்க ராகி காய வெப்போம்."

கம்பம் என்றால் கோயிலின் முன்னால் நின்ற உயரமான கல்தூண். ஏரி நிரம்பினால்தான் முழுகும்; தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் அதன் தலை வெளியே தெரியும். வடம் என்றால் கிணற்றில் கவலை இறைக்கும் கயிறு. நான் சும்மா இருப்பேனா? ஒரு கவலை வடத்தை வாங்கி அளந்தேன். நாற்பது அடி. நான்கு வடம், நூற்றறுபது அடி. பாறையின் உயரத்தையும், ஆற்றில் எந்த அளவு வெள்ளம் வந்தால் அது முழுகும் என்பதையும் கேட்டுக் கேட்டு, அணையின் கணக்கில் எண்பத்தெட்டு அடி என்று கண்டுபிடித்தேன். அணையின் கணக்கில் நூற்றிருபது அடி என்றால் ஏரி நிரம்பியது என்று பொருள். எண்பத்தெட்டு என்றால் கோடையில்தான் கவலைப்பட வேண்டும். இவ்வளவையும் அழகாக எழுதி, பாறைக்கு 'அப்பர் ராக்' என்றும், அது தூணுக்கு நூற்றறுபது அடி 'அபவ்' என்றும் மொழிபெயர்த்து அனுப்பினேன். நாற்பது அடி வடத்தைச் சரிபார்த்த திருப்தியில் இருந்தேன்.

தலைமை ஆபீசில் அதிகாரி அதைப் படித்தார். பாசன இலாகாக்காரர். ஆற்றோரத்தில் 'அபவ்' என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான், ஆற்றின் மேல்பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம். அந்த இடத்தில் காவிரி வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. எனவே தூணுக்கு வடக்கே நூற்றறுபது அடியில் ஒரு சிவப்புச் சிலுவை போட்டார். படம் அச்சாகி வந்தது. அந்தச் சிலுவை இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் பீப்பாயை நங்கூரமிட்டு மிதக்கவிட்டோம். அன்று அணையின் கணக்கில் தண்ணீர் நூற்றெட்டு அடி. கீழே உண்மையிலேயே பாறை இருக்கிறதா என்று யார் முங்கிப் பார்ப்பது? படம்தான் இருக்கிறதே.

லாஞ்சை ஓட்டக் கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சுக்கானி வந்தார். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். துறைமுகத்தில் பெரிய படகுகளுக்குச் சுக்கான் பிடித்தவர். அவருடைய யோக்கியதாபத்திரத்தை ஒரு தகரக் குழாயில் சுருட்டி வைத்திருந்தார். வந்த முதல் நாளே எனக்குக் காட்டினார். பின்பக்கம் முழுவதும் வெள்ளையாக இருந்தது.

"இந்தப் பக்கத்துல ஒரு எழுத்தும் இல்ல பாருங்க ஐயா," என்றார். "தப்பு பண்ணினா இதுலதான் சிவப்பு மையில எழுதுவாங்க. ஒரு வரி விழுந்தா போதும். அப்புறம் எந்தத் துறைமுகத்துலயும் சுக்கானைத் தொட விடமாட்டாங்க. மூட்டை தூக்கத்தான் போகணும்."

படத்தை அவர் மனப்பாடம் செய்தார். மேற்கிலிருந்து வரும்போது சிவப்புப் பீப்பாயை இடக்கைப் பக்கம் விட்டு, தூணில் கட்டிய கொடியை நேரே பார்த்து வந்து, தூணை நெருங்கியதும் வலப்பக்கம் ஒதுங்கித் துறையில் அணைய வேண்டும். தை மாதத்திலிருந்து வைகாசி வரை அப்படியே வந்தார். தண்ணீரோ நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது.

விபத்து நடந்தது ஒரு சந்தை நாள், பட்டப்பகலில். தண்ணீர் தொண்ணூற்றொரு அடி. லாஞ்சின் அடிப்பாகம் தண்ணீருக்குள் முங்குவது மூன்றரை அடி. நான் துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொடிக்கு நேரே, படத்தில் கிழித்த கோட்டில், வேகத்தைக் குறைத்து அழகாக வந்தது. பிறகு எதன்மேலோ ஏறியது போல முகத்தைத் தூக்கி நின்றது. லாஞ்ச் நின்றுவிட்டது என்ற செய்தி பின்னால் வந்த தட்டைப் படகுக்கு எட்டவில்லை. அது கயிற்றை அறுத்துக்கொண்டு லாஞ்சைச் சுற்றி வந்து, நேராக எங்கள் பலகைத்துறையில் மோதி அதைப் பாதியாக்கியது. ராகி மூட்டைகள் நனைந்தன. ஒருவருக்குக் கை மணிக்கட்டு பிசகியது. உயிர்ச்சேதமில்லை. பிரயாணிகளைப் பரிசல்களில் இறக்கியதும் லாஞ்ச் லேசாகி மிதந்து, ஏறியிருந்த இடத்தை விட்டு நழுவிவிட்டது. முதலில் கரையேறியவை இரண்டு வெள்ளாடுகள். என் ரிப்போர்ட்டிலும் அந்த வரிசையிலேயே எழுதினேன்.

சுக்கானியைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைக்கத் தந்தி வந்தது. பத்து நாளில் அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார். குற்றச்சாட்டு மெமோவை எழுதும் வேலை எனக்கு. 'அச்சிட்ட சார்ட்டில் காட்டிய பாதையிலிருந்து கவனக்குறைவாக விலகி' என்று தொடங்கும் மெமோ. அதைவிடச் சுத்தமான இங்கிலீஷை நான் அதற்குப் பிறகும் எழுதியதில்லை.

மெமோவைக் கையில் வாங்கிய சுக்கானி சொன்னது ஒன்றுதான். "ஐயா, நீங்களும் கரையில நின்னு பாத்தீங்க. கோட்டை விட்டு நான் ஒரு முழம் விலகல."

நான் பார்த்தேன்தான். ஆனால் படத்தில் அந்த இடத்தில் இருபது அடித் தண்ணீர் இருந்தது. படம் அச்சாகியிருந்தது. என் கண் அச்சாகவில்லை.

மறுநாள் பிரயாணிகளின் வாக்குமூலம் எடுத்தேன். அந்தப் பெண்மணி வந்தார். வெள்ளாடுகள் அவருடையவை.

"எதில் மோதியது என்று தெரியுமா அம்மா?" என்று கேட்டேன்.

"இதென்னங்க கேள்வி? மேலப்பாறையிலதான்."

"மேலப்பாறை வடக்கே இருக்கிறது. சிவப்புப் பீப்பாய் மிதக்கிறதே, அங்கே."

அவர் பீப்பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "வடக்கால இருந்தா அது வடபாறைங்க சாமி," என்றார். "மேக்கால இருக்கறதால தான மேலப்பாறை. நாந்தான் நாலு வடம் மேலன்னு சொன்னனே. எழுதிக்கிட்டீங்களே?"

"மேலே என்றுதான் எழுதினேன்."

"அப்ப என்னுங்க, மேலன்னா ஆகாசத்துலயா கட்டித் தொங்குது? உங்க ஊர்ல மேற்குக்கு என்னன்னு சொல்வாங்க?"

எங்கள் ஊரில் மேற்குக்கு மேல் என்றுதான் சொல்வார்கள். நான் பிறந்ததே கும்பகோணம் பக்கத்தில் ஒரு மேல வீதியில். அந்த நொடியில்தான் என் தவறு எனக்கு முழுதாக விளங்கியது. என் ஊரில் காவிரி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அங்கே மேல் என்றால் மேற்கு, ஆற்றின் மேல்பக்கமும் அதுதான். எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் ஒரே இடத்தில் போய் நிற்கலாம். இருபது வருஷம் அப்படி வாழ்ந்தவனுக்கு, அதே காவிரி இந்த ஜில்லாவில் தெற்கே திரும்பி ஓடும்போது ஒரு சொல் இரண்டாகப் பிளந்துவிடும் என்று தோன்றவில்லை. பிளந்த இடத்தில்தான் லாஞ்ச் ஏறி நின்றது.

"எங்கள் மேலதிகாரி படத்தில் அப்படிப் போட்டுவிட்டார்," என்று முனகினேன். கோழைத்தனம்தான்.

"மேலதிகாரிங்களா?" என்றார் அவர், எழுந்துகொண்டே. "அவரு மேக்கால இருக்கறவருங்களா, வடக்கால இருக்கறவருங்களா?"

அன்று சாயங்காலம் சுக்கானியைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வழி முழுவதும் வாக்கியம் கோத்துக்கொண்டு போனேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப நான் கோட்டுல வந்தது சரிதானே?"

"சரி. கோடுதான் தப்பு."

அவர் தகரக் குழாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "ஐயா, கடல்ல பன்னெண்டு வருஷம் பொழைச்சேன். புயல்ல மாட்டினேன். ஒரு கீறல் கிடையாது. கடைசில ஒரு எழுத்துல மோதிட்டேன்!"

சிரிப்பது எளிது. நிரூபிப்பது அவ்வளவு எளிதல்ல. ஊரே அறிந்த பாறையை இலாகா அறியச் செய்வதற்கு எட்டு நாள் இருந்தது. வாய்வார்த்தை செல்லாது. அச்சிட்ட படத்துக்கு எதிராக இன்னொரு படம்தான் நிற்கும். அதோடு மைசூர்ப் பக்கத்தில் மழை பிடித்துவிட்டது என்று தந்தி வந்தது. இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கும். அதிகாரி வரும் நாளில் பாறை எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் சாட்சி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முழுகிக்கொண்டிருக்கப் போகிறது.

தர்மபுரி சர்வே ஆபீசிலிருந்து ஒரு திசைக்கருவியும் ஓர் அளவுச் சங்கிலியும் வாங்கிவந்தேன். மூன்று நகல் படிவம், இரண்டு கையெழுத்து, ஒரு சிபாரிசு. எந்த அறையில் எதை முதலில் நீட்டினால் மற்றது தானாக நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே நாளில் முடித்தேன். அந்தப் பெண்மணி தன் தம்பியின் பரிசலைக் கொண்டுவந்தார். சுக்கானி ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஈயக்குண்டு கட்டினார். குண்டின் அடியில் சோப்பைத் தடவிவிட்டால், கீழே இருப்பது மண்ணா மணலா கல்லா என்பது அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

பரிசலைத் தானே ஓட்டுவதாகச் சொல்லித் துடுப்பை வாங்கினார் சுக்கானி. பரிசல் இருந்த இடத்திலேயே நான்கு சுற்றுச் சுற்றியது. எனக்குத் தலை சுற்றியது.

"கடல்ல ஓட்டுனவருன்னு சொன்னாங்களே, இவருதானுங்களா?" என்று என்னைக் கேட்டார் அந்தப் பெண்மணி.

"அக்கா, கடல்ல யாரும் சட்டியில உக்காந்து போறதில்ல," என்றார் சுக்கானி.

"குடுங்க இங்க. சுத்துனது போதும், சாமிக்கு வாந்தி வருது."

அதன்பிறகு துடுப்பு அவரிடம். ஏழு நாள், காலையிலும் மாலையிலும் காற்று அடங்கியிருந்த நேரமெல்லாம் தண்ணீரில் இருந்தோம். அவர் இடம் சொல்வார். சுக்கானி குண்டை விட்டு முடிச்சு எண்ணுவார். நான் தூணையும் இரண்டு மலை உச்சிகளையும் திசைக்கருவியில் பார்த்து எழுதுவேன். இந்த முறை அந்தப் பெண்மணி சொன்ன எந்த வார்த்தையையும் நான் மொழிபெயர்க்கவில்லை. மேல என்றால் மேல என்றே எழுதி, பக்கத்தில் கருவி காட்டிய பாகையைப் போட்டேன்.

ஓரிடத்தில் குண்டு சுண்ணாம்புப் பத்தையோடு வந்தது. "இது எங்க வூட்டுச் சொவரு," என்றார். "இப்ப நாம எங்க வூட்டுக்கு நெசமாவே மேல இருக்கறோமுங்க. இத வேணும்னா உங்க இங்கிலீஷ்ல எழுதிக்கங்க, தப்பாவாது."

மேலப்பாறையை முதல் நாளே தொட்டுவிட்டோம். தூணுக்கு நேர் மேற்கே நூற்றறுபத்திரண்டு அடி. கவலை வடத்துக்கும் என் சங்கிலிக்கும் இரண்டே அடி வித்தியாசம். மற்ற நாட்களெல்லாம் பாறைக்காக அல்ல, வழிக்காக. சுக்கானிதான் பிடிவாதம் பிடித்தார். ஆபத்து எங்கே என்று தெரிந்தால் பாதி வேலை. எது பத்திரமான வழி என்று தெரிய வேண்டும் என்றார். தென்மேற்கிலிருந்து துறைக்கு வரும் ஒரு பழைய வண்டித்தடம் தண்ணீருக்கடியில் கிடைத்தது. கல்லும் மரமும் இல்லாத தடம். கரையில் அந்தத் தடத்துக்கு நேராக இரண்டு மூங்கில்களை ஒன்றின் பின்னால் ஒன்றாக நட்டார். முன்னது குட்டை, வெள்ளை. பின்னது நெட்டை, கறுப்பு. தண்ணீரிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் படகு தடத்தில் இருக்கிறது. பிரிந்து தெரிந்தால் விலகிவிட்டது.

"இதுக்குப் படிப்பு வேண்டாம் ஐயா," என்றார். "கண்ணு ரெண்டும் இருந்தாப் போதும்."

அதிகாரி வந்த அன்று தண்ணீர் தொண்ணூற்றிரண்டு அடி. ஏறத் தொடங்கிவிட்டது. கலங்கலாக வேறு வந்தது. ஒரு சாண் கீழே எதுவும் தெரியவில்லை. துறையில் சந்தைக்கூட்டம். விசாரணையை முடித்துவிட்டுப் பொழுதோடு பென்னாகரம் போய்ச்சேர வேண்டும் என்று அதிகாரி வந்தவுடனே சொன்னார்.

நான் புதிய படத்தை விரித்தேன்.

"என்ன ஓய் இது? பென்சில் படம். அச்சான சார்ட்டைத் தப்புங்கறீரா?"

"சார்ட் தப்பில்லை சார். சார்ட்டுக்கு நான் அனுப்பிய மொழிபெயர்ப்பு தப்பு. மூலத் தமிழ் வாக்குமூலத்தின் நகலை இணைத்திருக்கிறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இலாகாவில் ஒருவன் தன் தப்பைத் தானே இணைப்பாகச் சேர்த்துக் கொடுத்ததை அதற்குமுன் அவர் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் படத்தை வரைந்த கை அவருடையது. "அதெல்லாம் ஆபீசில் பார்த்துக்கலாம். இவன்மேல் உத்தரவு இன்றைக்கே போட்டாகணும்," என்று பேனாவைத் திறந்தார். சிவப்பு மைக்கூடும் பக்கத்தில் இருந்தது. தகரக் குழாய் மேசையில் கிடந்தது.

விதிகளை நான் படித்திருந்தது அந்த நிமிஷத்துக்காகத்தான் என்று இன்றும் நம்புகிறேன். "சார், குற்றம் சாட்டப்பட்டவர் ஸ்தல பரிசோதனை வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறார். மறுப்பதானால் காரணங்களை விரிவாக எழுதி மூன்று நகல் எடுக்க வேண்டும். காகிதம் தயாராக வைத்திருக்கிறேன்."

காரணங்களை எழுதுவதைவிடப் பரிசலில் ஏறுவது சுலபம் என்று எந்த அதிகாரிக்கும் தெரியும். ஏறினார்.

முதலில் சிவப்புப் பீப்பாய்க்குப் போனோம். இருபது அடி மூங்கிலை அவர் கையிலேயே கொடுத்தேன். மூங்கில் முழுவதும் உள்ளே போயிற்று. ஒன்றிலும் தட்டவில்லை. பீப்பாயைச் சுற்றி ஒன்பது இடத்தில் குத்திப் பார்த்தார். முழங்கை வரை சட்டை நனைந்தது.

"ஆழந்தானுங்க," என்றார் துடுப்புப் போட்ட பெண்மணி. "அங்க எங்க பெரியப்பாவோட கெணறு இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் நவுந்து குத்துனீங்கன்னா கம்பு வராது."

பிறகு தூணுக்கு மேற்கே வந்தோம். சுக்கானி திசைக்கருவியைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கவில்லை. கரையில் இருந்த அடையாளங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பரிசல் நின்றது. அதிகாரி மூங்கிலைக் குத்துவதற்குக் கையை ஓங்கினார். அதற்குள் சுக்கானி, உடுப்பும் தொப்பியுமாக, பரிசல் விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

துறையிலிருந்து ஜனங்கள் கத்தினார்கள். இறங்கிய மனிதர் முழுகவில்லை. நட்ட நடு ஏரியில், நாலாபக்கமும் இருபதடித் தண்ணீருக்கு நடுவே, மார்பளவில் நின்றார். இரண்டடி நடந்தார். திரும்பி வந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு அதிகாரிக்கு ஒரு சலாம் வைத்தார்.

"தண்ணி நாலடி சார்," என்றார். "மோதின அன்னைக்கு மூணு. படகு மூணரை."

துறையில் எழுந்த சத்தம் அக்கரைக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ திறப்பு விழாக்களில் ஜனங்கள் கைதட்டிக் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதர் தண்ணீரில் நிற்பதற்காக யாரும் அப்படிக் கூச்சல் போட்டுக் கேட்டதில்லை.

அதிகாரியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்ப்பது முறையல்ல. ஆனால் அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூங்கிலைக் கீழே வைத்துவிட்டு, பரிசலிலிருந்தே குனிந்து, கையைத் தண்ணீருக்குள் தோள்வரை விட்டார். எட்டவில்லை. "மேலே ஏறும்," என்று சுக்கானியிடம் கைநீட்டினார்.

"எந்தப் பக்கமுங்க, மேக்காலயா?" என்றார் பெண்மணி.

அதிகாரி சிரித்துவிட்டார். அத்தோடு விசாரணை முடிந்தது.

புதிய படம் இரண்டு மாதத்தில் அச்சாகி வந்தது. அதில் அந்தப் பாறைக்கு 'அப்பர்' என்றும் போடவில்லை, 'வெஸ்ட்' என்றும் போடவில்லை. 'மேலப்பாறை' என்று தமிழ் எழுத்திலேயே இருந்தது. இலாகாவின் படத்தில் தமிழ் எழுத்தை நான் பார்த்தது அதுதான் முதல். அதோடு ஒரு நடைமுறையும் வந்தது. அதை எழுதியவன் நான். படகு கிளம்புமுன் ஒரு சீட்டு நிரப்ப வேண்டும்: இன்று அணையில் தண்ணீர் எத்தனை அடி, பாறைமேல் எத்தனை, படகுக்கு வேண்டியது எத்தனை, எந்த வழி, காற்று எந்தப் பக்கம். ஐந்து வரி. சுக்கானி கையெழுத்துப் போட்டால்தான் கயிறு அவிழும். பாறைமேல் ஆறடிக்குக் குறைந்தால் மூங்கில் வழி மட்டும். நான் அந்த ஊரில் இருந்தவரை, யுத்தத்தில் எண்ணெய் கிடைக்காமல் லாஞ்ச் கட்டிக்கிடந்த நாட்கள் போக, ஒரு நாளும் அந்தச் சீட்டு தவறவில்லை. படகு இன்னொரு முறை எதன்மேலும் ஏறவும் இல்லை.

விசாரணைக்கு மறு வாரச் சந்தை நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பலகைத்துறையைப் புதுப் பலகை போட்டுச் சரிசெய்திருந்தோம். நல்ல மேல்காற்று. படகைத் துறையைப் பார்த்துத் தள்ளும் காற்று. அணைவதற்குக் கெட்ட காற்று. லாஞ்ச் தென்மேற்கிலிருந்து வந்தது. கரையில் நின்ற எனக்கு மூங்கில்கள் இரண்டாகத்தான் தெரிந்தன. சுக்கானிக்கு ஒன்றாகத் தெரிந்துகொண்டிருக்கும். வேகம் குறைந்தது. தட்டைப் படகின் கயிறு தளர்ந்து, பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கியது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து பலகையைத் தொட்டன. பலகையின் ஓரத்தில் யாரோ வைத்திருந்த மோர்க்குடம் அலுங்கவில்லை. முதலில் இறங்கியவர் அந்தப் பெண்மணி.

"சாமி, எழுதிக்கங்க," என்றார். "இன்னிக்கு ஆட்டுக்கு முன்னாடி மனுசங்க எறங்கிட்டோம்."

கடைசியாகச் சுக்கானி இறங்கினார். அதிகாரி தலைமை ஆபீசுக்கு எடுத்துப்போய், அன்று காலைத் தபாலில் திருப்பி அனுப்பியிருந்த தகரக் குழாயை அவரிடம் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே திறந்து, காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. வெயிலில் பிடித்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு சுருட்டி உள்ளே வைத்து மூடினார்.

அதே தபாலில் எனக்கும் ஒரு காகிதம் வந்திருந்தது. 'வட்டார மொழியில் போதிய அறிவு இல்லை; எச்சரிக்கப்படுகிறார்' என்று என் சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் பதிந்தார்கள். தமிழில் இரண்டு பரிசு வாங்கியவன் நான். ஓய்வு பெறும் நாளில் அந்தப் பக்கத்தைப் பார்த்த இளைய அதிகாரி ஒருவர் வருத்தப்பட்டு, "இதை நீக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கலாமே சார்," என்றார். போட்டிருக்கலாம்தான். எந்தப் படிவம், எத்தனை நகல், யார் மேசையில் வைத்தால் எத்தனை நாளில் வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போடவில்லை. அந்தச் சிவப்பு மை விழவேண்டிய இடத்தில் விழுந்திருந்தது.